நெருக்கடி வருடங்களின் கணக்கைக் கொண்டு ஒரு நிறுவனத்தை எடைபோடுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் இரண்டு பரப்புக் காணி வாங்கப்போகிறவர் உறுதியை வாங்கிப் பார்ப்பார், காணிப் பதிவகத்தில் பதிவேடு தேடுவிப்பார், பாதையும் கிணற்றுப் பங்கும் யாருக்கென்று நொத்தாரிசிடம் கேட்டறிவார். அதன் பிறகுதான் முற்பணம் கொடுப்பார். அதே மனிதர் அதே தொகைக்குக் கொழும்பு பங்குச் சந்தையில் பங்கு வாங்கும்போது, வட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வரியையோ கனடாவிலிருந்து உறவினர் சொன்ன ஒரு பெயரையோ போதுமானதாகக் கொள்வதுண்டு. பங்கும் ஒரு சொத்தின் மீதான உரிமையே. அதற்குரிய உறுதி ஆண்டறிக்கை. அது பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் நிதியாண்டு முடிந்து 5 மாதங்களுக்குள் ஆண்டறிக்கையையும், முதல் மூன்று காலாண்டுகள் ஒவ்வொன்றும் முடிந்து 45 நாட்களுக்குள் இடைக்காலக் கணக்குகளையும் வெளியிட வேண்டும் என்பது சந்தையின் விதி. அவற்றை எந்த ஒழுங்கில், எதைத் தேடி வாசிப்பது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஓர் எல்லையைக் குறித்துவிடலாம். நீண்டகால முதலீடு என்று இங்கு சொல்லப்படுவது ஏழு, எட்டு வருடங்களுக்காவது கைவைக்கத் தேவையில்லாத பணத்தைப் பற்றியது. மகளின் திருமணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ மூன்று வருடத்தில் வேண்டிய பணம் நிலையான வைப்பில் இருப்பதே முறை. கொழும்புச் சந்தை 2020 மார்ச் மாதம் மூடப்பட்டு மே 11 ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திய கையோடு, மேலும் ஒரு வாரம் மூடப்பட்டது. விற்க விரும்பினாலும் விற்க முடியாத நாட்கள் உள்ள சந்தை இது என்பதை மனதில் கொண்டே உள்ளே செல்ல வேண்டும்.

இலங்கை முதலீட்டாளருக்கு, அவர் விரும்பிக் கேளாமலே, ஓர் அரிய வசதி கிடைத்திருக்கிறது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 இல் கொவிட் முடக்கமும் வாகன இறக்குமதித் தடையும், 2021 இல் இரசாயன உரத் தடை, 2022 இல் நாணய வீழ்ச்சியும் எரிபொருள் வரிசையும், அதன்பின் 30 சதவீதத்தைத் தாண்டிய திறைசேரி உண்டியல் வட்டி (அரசாங்கம் குறுங்காலக் கடனுக்குக் கொடுக்கும் வட்டி) என்று ஐந்து வருடங்களுக்குள் ஒரு நிறுவனத்துக்கு வரக்கூடிய ஏறத்தாழ எல்லாச் சோதனைகளும் வந்து போயின. ஒரு நிறுவனம் எத்தகையது என்பதை அதன் தலைவரின் உரை சொல்வதைவிட இந்த ஐந்து வருடக் கணக்குகள் தெளிவாகச் சொல்லும். ஆகவே அண்மைய ஆண்டறிக்கையை மட்டும் இறக்கி வாசித்து முடிவெடுப்பது போதாது. 2018/19 இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு வார இறுதிகளைச் செலவிட மனமில்லாதவர் அந்த நிறுவனத்தின் பங்காளராகும் எண்ணத்தையும் விட்டுவிடலாம்.

எதைத் தெரிவுசெய்வது

நாளாந்தம் பாவிக்கும் பொருட்களை வைத்து நிறுவனங்களைத் தேடத் தொடங்குவது நல்ல பழக்கம்; ஆனால் பாவிக்கும் பொருளை உற்பத்தி செய்பவர் எல்லோரும் சந்தையில் இல்லை. வீட்டு அலுமாரியில் இருக்கும் மஞ்சி, மலிபன் பிஸ்கட்டுகள் இரண்டும் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனங்களின் தயாரிப்புகள். கிளிநொச்சியில் பெருந்தொகையான பெண்களுக்கு வேலை கொடுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளை நடத்துகின்ற மாஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் பங்கையும் சந்தையில் வாங்க முடியாது. மறுபுறம், எலிபன்ட் ஹவுஸ் சோடாவையும் ஐஸ்கிறீமையும் தயாரிக்கும் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் 2013 இல் வணிகத் தொகுதி திறந்த கார்கில்ஸ், திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து ஆகியவை பட்டியலிடப்பட்டவை. கடையில் கூட்டம் நிற்பது அந்த நிறுவனம் நன்றாக நடக்கிறது என்பதற்கு ஓர் அறிகுறியாகலாம். பங்கின் விலை நியாயமானது என்பதற்கு அது எவ்விதத்திலும் சான்றாகாது.

தெரிவுசெய்த நிறுவனம் எதை விற்று, யாருக்கு விற்று, எந்த நாணயத்தில் செலவுசெய்து உழைக்கிறது என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் எழுத முடிய வேண்டும். டோக்கியோ சீமெந்தை எடுத்துக்கொண்டால், மூலப்பொருளான கிளிங்கரை அது இறக்குமதி செய்கிறது, விற்பனையோ பெரும்பாலும் உள்நாட்டில் ரூபாயில் நடக்கிறது. எனவே ரூபாய் விழும்போது செலவு உடனே ஏறும், விலையை ஏற்றுவதற்குச் சற்றுக் காலம் பிடிக்கும், விலை ஏறிய பின் வீடு கட்டுபவர்கள் வேலையை நிறுத்துவார்கள். 2022 இல் 50 கிலோ சீமெந்து மூடை ஒரு வருடத்துக்கு முந்திய விலையின் இரு மடங்கைத் தாண்டியபோது யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகள் லின்டல் மட்டத்தில் நின்றன என்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து செயற்படு கார்பன் தயாரித்து ஏற்றுமதி செய்யும் ஹேகார்ப் போன்ற நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழானது: உழைப்பது டொலரில், சம்பளம் கொடுப்பது ரூபாயில். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பின்னர் இலக்கங்களை வாசிக்கும்போது வியப்புகள் குறையும்.

ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து திறத்தல்

முன்பகுதியில் இருக்கும் வண்ணப் படங்களையும் விருதுகளையும் விட்டுவிட்டு, கணக்காய்வாளரின் அறிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. அபிப்பிராயம் நிபந்தனையின்றி வழங்கப்பட்டிருக்கிறதா, தொடர்ந்தியங்கல் பற்றிய (நிறுவனம் தொடர்ந்து நடக்க முடியுமா என்ற) ஐயப்பாடு எங்காவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அபிப்பிராயத்தில் நிபந்தனையோ அத்தகைய ஐயப்பாடோ இருந்தால், அனுபவமில்லாத முதலீட்டாளர் அந்த இடத்திலேயே அறிக்கையை மூடிவிடலாம். விதிகளை மீறிய நிறுவனங்களைப் பங்குச் சந்தை வைக்கும் கண்காணிப்புப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதையும் அதே வேளையில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து வருவது பிரதான கணக்காய்வு விடயங்கள் என்ற பகுதி. எந்த இலக்கத்தை நம்புவதற்குக் கணக்காய்வாளருக்கே அதிக வேலை தேவைப்பட்டது என்பதை அது சொல்கிறது. காணி மதிப்பீடா, வராக்கடன் ஏற்பாடா, கையிருப்பா என்று அங்கே தெரிந்துவிடும். வாசகர் எங்கே சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி அறிக்கையில் வேறில்லை.

நிதிக்கூற்றுகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அருகில் இருத்தி வாசிக்கலாம். பரீட்சைக்குப் படித்த வருமதியும் (வரவேண்டிய பணம்) சென்மதியும் (கொடுக்கவேண்டிய பணம்) பெறுமானத் தேய்வும் (சொத்துக்கள் தேய்வதற்காக எழுதும் செலவு) உயிரோடு நடமாடுவதைப் பார்ப்பது பிள்ளைக்கும் பயன்தரும். ஒவ்வொரு நிரலின் தலையிலும் ரூபாய் ஆயிரங்களில் என்று போட்டிருக்கிறதா, மில்லியன்களில் என்றா என்பதையும், அந்த நிரல் குழுமத்தினதா, நிறுவனத்தினது மட்டுமா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். குழுமக் கணக்கில் வரும் இலாபம் முழுவதும் தாய் நிறுவனத்தின் பங்குதாரருக்குரியது அல்ல. துணை நிறுவனங்களில் வெளியாருக்குள்ள பங்கு கழிக்கப்பட்டு, தாய் நிறுவன உரிமையாளருக்குரியது என்று தனி வரியில் வரும் தொகையே நம்முடையது. கொழும்புச் சந்தையில் இது சிறிய விடயமல்ல. புக்கிட் தாராவின் கீழ் கார்சன்ஸ் கம்பர்பட்ச், மெல்ஸ்டாகோர்ப்பின் கீழ் டிஸ்டிலரீஸும் எயிட்கன் ஸ்பென்ஸும் என்று பட்டியலிடப்பட்ட ஒன்றின் கீழ் பட்டியலிடப்பட்ட இன்னொன்று இருப்பது இங்கே வழக்கமான அமைப்பு.

2022 இன் இலாபத்தை உரித்துப் பார்த்தல்

2022 ஐ உள்ளடக்கிய நிதியாண்டு எல்லா அறிக்கைகளிலும் கவனமாக வாசிக்க வேண்டிய ஆண்டு. அதேவேளை மிக எளிதில் ஏமாற்றக்கூடிய ஆண்டும் அதுவே. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. ஆகவே விற்பனை 50 சதவீதம் கூடியதாக எழுதியிருக்கும் நிறுவனம் உண்மையில் குறைவான பொருட்களையே விற்றிருக்கக்கூடும். அறிக்கையில் தொன், லீற்றர், பெட்டி என்று அளவுக் கணக்கு எங்காவது கொடுக்கப்பட்டிருந்தால் அதைத் தேடி எடுக்க வேண்டும். கொடுக்கப்படாவிட்டால், முகாமைத்துவ மீளாய்வில் அளவு குறைந்தது என்று ஒரு வரியில் ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நேர்மையான முகாமைத்துவம் அந்த வரியை எழுதியிருக்கும். எழுதாமல் விற்பனை சாதனை படைத்தது என்று மட்டும் எழுதியவர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயத்துக்கு வர இதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்கில் மாயை இன்னும் பெரியது. 2021 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்து 2022 மே மாதத்தில் 360 ஐ அண்டியது. டொலர் 200 ரூபாயாக இருந்தபோது 1,000 மில்லியன் ரூபாய் உழைத்த நிறுவனம் 5 மில்லியன் டொலர் உழைத்தது. 360 ஆனபோது 1,500 மில்லியன் ரூபாய் உழைத்தால் அது 4.2 மில்லியன் டொலருக்குக் கீழே. ரூபாயில் பாதிப்பங்கு வளர்ச்சி, டொலரில் தேய்வு. எனவே ஏற்றுமதி நிறுவனங்களின் ஐந்து வருட இலாபத்தையும் அந்தந்த வருடச் சராசரி நாணயமாற்று வீதத்தால் பிரித்து டொலரில் ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும். நாணயமாற்று இலாபம் நிதி வருமானம் என்ற தலைப்பின் கீழோ ஏனைய வருமானத்தின் கீழோ ஒளிந்திருக்கும். அது ஒருமுறை வந்த விருந்தாளி, அடுத்த வருடக் கணக்கில் அதற்கு இலை போடக்கூடாது.

வரிக்குறிப்பும் அந்த வருடத்தில் முக்கியமானது. நிறுவன வருமான வரியின் பொது வீதம் 2022 ஒக்டோபரிலிருந்து 24 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்ந்தது. பொருள் ஏற்றுமதியாளர்கள் அதுவரை 14 சதவீதமே செலுத்திவந்தார்கள். வரிக்கு முன் 100 ரூபாய் உழைத்த ஏற்றுமதி நிறுவனத்திடம் முன்பு 86 ரூபாய் மிஞ்சியது, பின்னர் 70 ரூபாய் மிஞ்சுகிறது; வேறெதுவும் மாறாமலே பங்குதாரரின் இலாபம் சுமார் 19 சதவீதம் குறைந்துவிட்டது. 2019 இலும் 2020 இலும் கிடைத்த இலாபத்தை வைத்து எதிர்காலத்தை மதிப்பிடுபவர் அந்த இலாபங்களை 30 சதவீத வரியில் மீண்டும் கணித்த பிறகே அப்படிச் செய்ய வேண்டும். இதோடு மேலதிக வரி என்று ஒன்றும் வந்தது. 2020/21 வரிமதிப்பீட்டு ஆண்டில் வரிக்குரிய வருமானம் 2,000 மில்லியன் ரூபாயைத் தாண்டியிருந்தவர்கள் அதில் 25 சதவீதத்தை ஒருமுறை செலுத்த வேண்டும் என்று 2022 இன் சட்டம் சொன்னது. அந்தத் தொகையை இலாப நட்டக் கூற்றில் காட்டாமல் நேராகப் பிடித்துவைத்த வருவாயின் (பங்கிலாபமாகக் கொடுக்காமல் வைத்திருக்கும் முந்திய இலாபங்களின்) ஆரம்ப மீதியில் கழிக்கப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் இடமளித்தது. ஆகவே இலாப நட்டக் கூற்றை மட்டும் பார்த்தவரின் கண்ணில் அது படவேயில்லை. பங்குதாரருக்குரிய மூலதனம் வருடத்தில் எப்படி மாறியது என்று காட்டும் உரிமையாண்மை மாற்றக் கூற்றைத் திறந்தவருக்குத்தான் பெரிய நிறுவனங்கள் சில ஒரே வரியில் எவ்வளவு இழந்தன என்பது தெரிந்தது. உரிமையாண்மை மாற்றக் கூற்றை யாரும் வாசிப்பதில்லை. அதனாலேயே அதை வாசிக்க வேண்டும்.

இன்னொரு வகை இலாபம் காணியிலிருந்து வருவது. முதலீட்டு ஆதனத்தை (வாடகைக்கோ விலையேற்றத்துக்கோ வைத்திருக்கும் காணி, கட்டடத்தை) நியாயப் பெறுமதியில், அதாவது சந்தை மதிப்பில், காட்டும் நிறுவனம், கொழும்புக் காணியின் மதிப்பீடு ஏறியது என்பதற்காக, ஒரு சதமேனும் கைக்கு வராமலே கோடிக்கணக்கில் இலாபம் எழுதலாம். கணக்கீட்டு நியமம் அதை அனுமதிக்கிறது, அதில் மோசடி எதுவுமில்லை. ஆனால் நீண்டகால முதலீட்டாளர் அந்தத் தொகையைக் கழித்துவிட்டே இலாபத்தைப் பார்க்க வேண்டும். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் உயிரியல் சொத்துக்களுக்கும் (வளர்ந்துநிற்கும் மரங்கள் போன்றவற்றுக்கும்) இதே கதைதான்.

இலாபம் காசாக வந்ததா

இத்தனையும் உரித்த பின் மிஞ்சும் இலாபம் வங்கிக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு கற்பனை உதாரணம் இதை விளக்கும். ஒரு விநியோக நிறுவனத்தின் விற்பனை ஒரு வருடத்தில் 4,000 மில்லியனிலிருந்து 5,600 மில்லியன் ரூபாயாகவும், வரிக்குப் பின்னான இலாபம் 320 இலிருந்து 560 மில்லியனாகவும் உயர்ந்ததாகக் கொள்வோம். செய்தித்தாளில் வரும் தலைப்பு 75 சதவீத வளர்ச்சி என்பதாக இருக்கும். ஐந்தொகையைப் பார்த்தால் வர்த்தக வருமதிகள் 600 இலிருந்து 1,300 ஆகவும், கையிருப்பு 500 இலிருந்து 1,000 ஆகவும், சென்மதிகள் 250 ஆலும் கூடியிருக்கின்றன. பெறுமானத் தேய்வு 140. இலாபம் 560 உடன் தேய்வைக் கூட்டினால் 700. வருமதிகளில் முடங்கிய 700 ஐக் கழித்தால் பூச்சியம். கையிருப்பில் முடங்கிய 500 ஐக் கழித்து, சென்மதிகளில் கிடைத்த 250 ஐக் கூட்டினால் தொழிற்பாட்டுக் காசுப் பாய்ச்சல் (வியாபாரத்திலிருந்து வந்த காசு) மறை 250 மில்லியன். அதாவது சாதனை இலாபம் காட்டிய வருடத்தில் அந்த நிறுவனம் 250 மில்லியனை வங்கியில் கடன்பட்டோ கையிருந்த காசிலிருந்து எடுத்தோ வியாபாரத்தை ஓட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கொடுக்க எடுக்கும் காலம் 55 நாளிலிருந்து 85 நாளாக நீண்டிருக்கிறது. விற்பனையைவிடக் கடனுக்குக் கொடுப்பது வேகமாக வளர்ந்திருக்கிறது.

ஒரு வருடம் இப்படி நடப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். 2021 இறுதியில் டொலர் கிடைக்காமற் போகும் என்று கணித்து மூலப்பொருளை வாங்கிக் குவித்தவர்கள் புத்திசாலிகள். ஆகவே ஐந்து வருடத் தேறிய இலாபத்தை ஒருபுறமும் ஐந்து வருடத் தொழிற்பாட்டுக் காசை மறுபுறமும் கூட்டிப் பார்ப்பதே நியாயம். காசுத் தொகை இலாபத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், ஏனெனில் பெறுமானத் தேய்வு காசாக வெளியேறாத செலவு. பாதிக்குக் கீழே இருந்தால் குறிப்புகளில் வருமதிகளின் வயதுப் பகுப்பைத் தேட வேண்டும். எனக்கு ஆண்டறிக்கையில் பிடித்த பக்கம் அதுதான்: 90 நாளுக்கு மேல், 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்கு மேல் என்று நிரலாக நிற்கும் அந்த இலக்கங்களில் பல நிறுவனங்களின் உண்மைக் குணம் தெரியும்.

கடனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, 2022 சொல்லிவிட்டது. வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளரிடம் அறவிடும் முதன்மைக் கடன் வீதம் 2021 இறுதியில் 9 சதவீதத்தைச் சுற்றியிருந்து ஒரு வருடத்தில் 25 சதவீதத்தைத் தாண்டியது. மிதக்கும் வட்டியில் 2,000 மில்லியன் கடன் வைத்திருந்தவரின் வட்டிச் செலவு 180 மில்லியனிலிருந்து 500 மில்லியனானது. அந்த வருடத்தில் வட்டிக்கு முந்திய இலாபம் வட்டியைப்போல் மூன்று மடங்காவது இருந்த நிறுவனம் இனி வரும் எதையும் தாங்கும் என்று ஓரளவு நம்பலாம். டொலர்க் கடன் பெற்று ரூபாயில் உழைத்தவர்களின் நிலையை அந்த வருட அறிக்கைகளில் பார்க்கலாம்.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மேற்சொன்ன காசுக் கணக்கு பொருந்தாது, ஏனெனில் கடன் கொடுப்பதே அவற்றின் சரக்கு. அங்கே பார்க்க வேண்டியவை மூன்றாம் நிலைக் கடன்களின் (திருப்பிச் செலுத்தப்படாமல் நிற்கும் கடன்களின்) பங்கு, அவற்றுக்கு எவ்வளவு ஏற்பாடு ஒதுக்கப்பட்டது, மூலதனப் போதுமை விகிதம் (இழப்பைத் தாங்க நிறுவனத்திடமுள்ள சொந்த மூலதனத்தின் அளவு) மத்திய வங்கியின் குறைந்தபட்சத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது, அரசாங்கத்தின் டொலர் முறிகளில் எவ்வளவு முடங்கியிருந்தது என்பவையே. பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்ற முத்திரை பாதுகாப்பு அல்ல என்பதற்கும் இத்துறையிலேயே சான்று உண்டு: த ஃபினான்ஸ் கொம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி 2020 மே மாதத்தில் இரத்துச் செய்தபோது அது பட்டியலிடப்பட்ட நிறுவனமாகவே இருந்தது. வைப்பாளருக்குக் காப்புறுதி இருந்தது. பங்குதாரருக்கு எதுவும் இல்லை.

யாருடைய கையில் இருக்கிறது

அறிக்கையில் முதல் 20 பங்குதாரரின் பட்டியல் இருக்கும். ஒரே குடும்பமோ ஒரே தாய் நிறுவனமோ 80 சதவீதம் வைத்திருந்தால் நம்முடைய வாக்கு வெறும் மரியாதைக்குரியது. அந்த நிலையில் அவர்கள் சிறு பங்குதாரரை எப்படி நடத்திவந்தார்கள் என்பதைப் பங்கிலாப வரலாற்றிலும் தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல் பற்றிய குறிப்பிலும்தான் அறிய வேண்டும். தலைவரின் வேறொரு கொம்பனிக்கு வட்டியின்றிக் கடன், பணிப்பாளரின் கட்டடத்துக்கு வாடகை, தாய் நிறுவனத்துக்கு விற்பனையில் ஒரு சதவீதம் முகாமைத்துவக் கட்டணம் என்று அந்தக் குறிப்பு நீண்டுகொண்டே போனால், நிறுவனம் உழைக்கும் காசு பங்கிலாபமாக வெளியே வருவதற்கு முன்பே வேறு வாசல்களால் போகிறது. பணிப்பாளர்கள் தமது நிறுவனப் பங்கை வாங்குவதும் விற்பதும் சந்தைக்கு அறிவிக்கப்பட வேண்டியவை. 2022 இன் நடுப்பகுதியில், எல்லோரும் விற்றுக்கொண்டிருந்தபோது, சொந்தப் பணத்தில் வாங்கியவர் யார் என்று அந்த அறிவித்தல்களில் தேடிப் பார்ப்பது பயனுள்ள பொழுதுபோக்கு.

வாக்குரிமை இல்லாத பங்குகளும் இங்கே உண்டு. வர்த்தகக் குறியீட்டில் என் என்ற எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் இருக்கும். பங்கிலாபம் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே, விலை குறைவு. எப்படியும் வாக்கால் எதையும் மாற்ற முடியாத சிறு முதலீட்டாளர் குறைந்த விலைக்கு எக்ஸ் பங்கை வாங்குவதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் அதில் நாளாந்தக் கைமாற்றம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் சில நூறு பங்குகளே கைமாறும் பங்கை வாங்குவது எளிது, விற்பதுதான் வருத்தம்.

விலை

நல்ல நிறுவனத்தைக் கண்டுபிடித்த பின் விலையில் அவசரப்படுபவர்கள் பலர். பங்கொன்றுக்கான உழைப்பு (ஒரு பங்குக்குரிய வருட இலாபம்) ஐந்து வருடங்களில் 8, 5, 9, 21, 10 ரூபாய் என்றும், சந்தை விலை 84 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். தரகரின் குறிப்பு 21 ஐ எடுத்து விலை உழைப்பைப்போல் நான்கு மடங்குதான், மலிவு என்று சொல்லலாம். ஐந்து வருடச் சராசரி 10.60, அதன்படி விலை ஏறத்தாழ எட்டு மடங்கு, அதாவது 100 ரூபாய்க்கு வருடம் 12.60 ரூபாய் உழைப்பு. இந்த 12.60 ஐ அன்றைய திறைசேரி உண்டியல் வட்டியோடு ஒப்பிட வேண்டும். 2022 இறுதியில் அரசாங்கமே 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்தபோது 12.60 க்கு ஆசைப்பட ஒரு காரணமும் இருக்கவில்லை. 2024 இறுதியில் அந்த வட்டி 9 சதவீதத்தை அண்டி இறங்கியபோது அதே 12.60 யோசிக்கத்தக்கதாயிற்று. நிறுவனம் மாறாமலே அதன் நியாய விலை மாறுகிறது என்பதை நிலையான வைப்பு வட்டியை விரல் நுனியில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தாருக்குப் புரியவைப்பது கடினமல்ல. சராசரி எடுக்கும்போது பங்குப் பிரிப்பும் (ஒரு பங்கைப் பலவாக்குவது) உரிமை வழங்கலும் (இருக்கும் பங்குதாரருக்குப் புதுப் பங்கு விற்பது) பழைய வருடங்களுக்கும் சீராக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; பணவீக்கத்துக்கு முந்திய வருடங்களின் ரூபாய் இன்றைய ரூபாய் அல்ல என்பதால் சராசரி சற்றுக் குறைவாகவே வரும், அந்தப் பிழை வாங்குபவருக்குச் சாதகமானது.

கையில் வரும் தொகையைக் கணிக்கும்போது பங்கிலாபத்தில் 15 சதவீத வரி முதலிலேயே கழிக்கப்படும் என்பதையும், வாங்கும்போதும் விற்கும்போதும் தரகும் வரிகளுமாக ஒவ்வொரு முறையும் 1.12 சதவீதம் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை வாங்கி விற்பவரின் இலாபத்தை இந்த 1.12 தின்றுவிடும், பத்து வருடம் வைத்திருப்பவருக்கு அது பொருட்டல்ல.

வாங்கிய பின்

வாங்குவதற்கு முன்பே, ஏன் வாங்குகிறோம், எது நடந்தால் விற்போம் என்று ஒரு தாளில் எழுதித் திகதியிட்டு வைக்க வேண்டும். விலை இறங்கினால் விற்போம் என்று எழுதுவது பொருளற்றது. வருமதி நாட்கள் 90 ஐத் தாண்டினால், கணக்காய்வாளர் காரணமின்றி மாறினால், தொடர்பற்ற துறையில் பெருந்தொகை போட்டால் என்று கணக்கில் கண்டுபிடிக்கக்கூடியவற்றை எழுத வேண்டும். காலாண்டுக் கணக்கு வரும்போது அந்தத் தாளோடு ஒப்பிட அரை மணி நேரம் போதும். நாளாந்தம் செயலியில் விலை பார்ப்பதற்கு அவசியமில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தை யாழ்ப்பாணத்தவர் இதுவரை கொழும்புக்காரரின் விழாவாகவே கருதிவந்தார்கள். கொவிட் காலத்திலிருந்து பல நிறுவனங்கள் அதை இணைய வழியில் நடத்துகின்றன. நூறு பங்கு வைத்திருப்பவரும் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். கேள்வியைக் கூட்டத்துக்கு முன்னரே நிறுவனச் செயலாளருக்கு எழுத்தில் அனுப்புவது நல்லது, அப்போது தலைவர் புன்னகையோடு கடந்துபோக முடியாது. குறிப்பு இலக்கத்தையும் பக்க இலக்கத்தையும் சொல்லி, கடந்த வருடம் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வருமதியாக இருந்த தொகையில் இந்த வருடம் எவ்வளவு அறவிடப்பட்டது என்று கேட்டாலே போதும், பதில் சொல்பவர் தலைவரா நிதிப் பணிப்பாளரா, தாளைப் பார்த்துச் சொல்கிறாரா பார்க்காமற் சொல்கிறாரா என்பதைக் கவனித்துத் தாளில் குறித்துக்கொள்ளலாம்.